பழுதில்லாத வீடு

மாவடியில் எழுந்தருளிய ஏகம்பநாதன் திருவருள் முன்நிற்க.

அன்பு மகனுக்கு,

உல்லாசக் கப்பலின் அறைகளில் துருவையும் தேய்மானத்தையும் தேடிச் சரிசெய்வது உன் தொழில். சென்ற வெள்ளியன்று தொலைபேசியில் நம் வீட்டையும் அந்தக் கணக்கிலேயே தீர்த்துவிட்டாய்.

“அஞ்சு பழுது சேர்ந்துச்சின்னா, அந்தக் கேபினை மூடிட்டு ஆளை வேற எடத்துக்கு மாத்திடுவோம்பா. வீட்டையும் பூட்டிடலாம். வாலாஜாபாத்ல நல்ல முதியோர் இல்லம் இருக்குது.”

பொய்யுரைத்த நாவால் பதிகம் ஓத இயலாமல், இரண்டு நாளாகச் சந்நிதியிலிருந்து வாய்மூடித் திரும்புகிறேன். ஆகவே எழுதுகிறேன்.

கதவின் கீல் மட்டுமே உண்மையில் பழுதுபட்டது. அதை நான் சொன்ன வெள்ளியன்று நீ அரை மணி நேரம் பேசினாய். “கீலைக் கழட்டாதீங்கப்பா, மொதல்ல எண்ணெய் வுடுங்க” என்று அதட்டினாய். “ஸ்க்ரூடிரைவரைத் தலைகீழாப் புடிச்சிக்கினு இருக்கீங்களா?” என்று சிரித்தாய். மறுவாரம் கதவு சரியாகியிருந்தது. நலம் விசாரித்து, இரண்டு நிமிடத்தில் வைத்துவிட்டாய்.

அடுத்தடுத்த வெள்ளிகளில் சொன்ன மற்ற நான்கும் நான் புனைந்தவை. குழாய் ஒழுகவில்லை. கூரையில் விரிசல் இல்லை. மின்விசிறி ஓசையின்றிச் சுழல்கிறது. சன்னலும் நன்றாகவே மூடிக்கொள்கிறது.

வீட்டைப் பூட்ட வேண்டாம். வரும் வெள்ளியன்று சொல்வதற்கு என்னிடம் பழுது ஏதும் இராது. கப்பலில் நீ சரிசெய்த அறைகளைப் பற்றிச் சொல். எத்தனை அறையாயினும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நீயும் மருமகளும் குழந்தையும் காமாட்சியின் கருணையால் குறைவொன்றின்றி நீடு வாழ்க. உன் இல்லத்தில் விளக்கொளி நிலைக்கட்டும்.

இங்ஙனம்,
உன் தந்தை