மூணாவது கட்டை

நிரோஜா அப்பாவுக்கு,

ரொட்டியும் சம்பலும் அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். நான் கொழுந்து பறிக்கப் போறேன். பத்து மணிக்கு சர்வேயர் மாத்தயா வருவாரு. மேல் காணிக்காரங்களுக்கும் ரோடு கிடைக்கிற மாதிரி பிளானை மாத்தி, நம்ம காணி ஓரமா அளந்து கட்டை அடிச்சாரில்ல, அதைப் பாக்கத்தான்.

அந்தக் கட்டைங்களைக் காணோம்னு நேத்து நீங்க மேல் காணி பரிமளாக்கா மாட்டைத் திட்டுனீங்க. மாடு இல்லங்க, நான்தான் புடுங்கினேன். இருக்கிறதே ஏழு பேர்ச் காணி, அதுலயும் நாலடி போகுதேன்னு ஆத்திரம்.

ராத்திரி நீங்க பெக்டரிக்குப் போனப்புறம் பரிமளாக்காவுக்கு ரொம்ப முடியல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, ஆட்டோ மேல வர ரோடு இல்லாம, கம்பளியில படுக்க வச்சு படி வழியா இறக்குனோம். தலைமாட்டுல நான் புடிச்சிருந்தேன். மழையில ரெண்டு தடவை கால் வழுக்கிச்சு. அந்த வலியிலயும் அவங்க, "கலா, எங்க மாடு கட்டையைப் புடுங்கிருச்சாமே, கோவிச்சுக்காத"ன்னாங்க.

ரெண்டு கட்டை விறகுக்கு அடியில இருக்கு. மூணாவதை எரிச்சுத்தான் நேத்து உங்களுக்குப் பிளேன்டி போட்டேன். மாத்தயாகிட்ட உண்மையைச் சொல்லிருங்க. ஆட்டோ திரும்ப நாலடி பத்தாட்டி இன்னும் ஒரு அடி நம்ம காணிக்குள்ள தள்ளி அடிக்கச் சொல்லுங்க.

கலா

மறந்துட்டேன். அக்கா வர்ற வரைக்கும் அந்த மாட்டுக்கு நாமதான் புல்லு போடணும். திட்டுனது நீங்க, இன்னைக்கு நீங்க போடுங்க. நாளையிலருந்து நான்.