பிரியாத தவளை

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எனக்கு ஒரு காகிதத் தவளை செய்ய வரவில்லை.

"காயிதம் மடிக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று உன் அக்கா முன்னால் நான் சிரித்தேன். நீயும் அன்றைக்கே அவளோடு மயிலாப்பூர் போய்விட்டாய். போனையும் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் நீ நடத்தும் மறைக்கல்வி வகுப்பில், நீ காகிதம் மடிக்கக் கற்றுக்கொடுத்த பிள்ளைகளோடு நான்தான் உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் மடித்ததைப் பார்த்து, பக்கத்து வீட்டு சான்ட்ரா கேட்டாள்: "மாமா, இது இன்னா, செருப்பா?"

அவள் தவளையோ முதுகைத் தட்டினால் பெஞ்சையே தாண்டுகிறது! "ஓரத்தோட ஓரம் வெச்சு நகத்தால தேய்க்கணும் மாமா. மிஸ் சொல்லிக்கீறாங்க" என்று என் விரலைப் பிடித்துக் காட்டினாள். முப்பது வாலுகளின் நகத்திலும் இந்த வித்தையை எப்படித்தான் ஏற்றினாயோ, மகராசி! மீன்பாடி வண்டி ஓட்டுகிற என் கைக்கு ஒரு மூலைகூட அடங்கவில்லை.

பிள்ளைகள் "மிஸ் திரும்பி வரணும்" என்று எழுதி, தவளையாக மடித்து, கோயில் மன்றாட்டுப் பெட்டியில் போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன்.

பூசையில் ஃபாதர் எல்லாவற்றையும் பிரித்து மைக்கில் படித்தார். பிள்ளைகளுடையது பூப்போல விரிந்தது. என்னுடையதைக் கிழித்துத்தான் திறக்க முடிந்தது. "என் வீட்டுக்காரி வரணும், நான் பேசினது" என்பது வரை படித்தார். "தப்பு" என்று எழுதியிருந்த துண்டு பறந்து மெழுகுவர்த்தியில் விழுந்து எரிந்துபோனது.

கோயில் முழுக்க, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொன்னது.

இப்படிக்கு,
செருப்பு மடித்த உன் வீட்டுக்காரன்