சாட் நாட்டிலிருந்து வந்த கொம்புகள்

சாரம், புதுச்சேரி
20-1-1983

மதிப்பிற்குரிய ஆதிமூலம் அண்ணனுக்கு,

வணக்கம். நான் பேசாமல் இருந்தது போதும். பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெறுகிறேன், வீட்டுக்கு வரலாமா என்று தீபாவளிக்கு முன்பே கேட்டிருந்தீர்கள். வேண்டுமென்றேதான் பதில் போடவில்லை.

அறுபத்திரண்டில் பிரெஞ்சுக் குடியுரிமைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கப்பலேறினீர்கள். பிரெவே என்ற பிரெஞ்சுப் பள்ளிப் பரீட்சையில் தேறியும் நான் அம்மாவுக்காக இங்கேயே தங்கினேன். அவள் கடைசிவரை வாசலைப் பார்த்தபடியே கிடந்தாள். நீங்கள் வரவில்லை. காரியமெல்லாம் முடிந்தபின், நீங்கள் அப்போது இருந்த ஆப்பிரிக்காவின் சாட் நாட்டிலிருந்து விடுப்பில் வந்த பட்டாளத்துக்காரர் ஒருவரிடம் ஒரு ஜோடிக் கொம்பு கொடுத்தனுப்பினீர்கள். சாக்கைப் பிரிக்காமலே பரணில் எறிந்தேன்.

மாட்டுப் பொங்கலன்று பரணை ஒழித்த என் வீட்டுக்காரி அஞ்சலாட்சி அதைக் கண்டெடுத்தாள். நான் வெளியே போய்த் திரும்புவதற்குள் நீலமும் சிவப்புமாகப் பெயின்ட் அடித்து, குங்குமம் வைத்து, மாலையும் சாத்திவிட்டாள். திட்டினேன். "மூத்தாரு அனுப்புன மாட்டுக் கொம்புன்னு நெனச்சேன். பொங்க நாள்ல மூளியா கெடக்கலாமா? உங்க கோவத்துக்கு அது என்னா பண்ணும்?" என்றாள்.

பெயின்டைச் சுரண்ட உட்கார்ந்தேன். முறுக்கோடு விரல் போயிற்று; போய்க்கொண்டே இருந்தது. இரண்டரைச் சுற்று! பொங்கல் விடுமுறை முடிந்ததும் நூலகத்தில் பிரெஞ்சுப் புத்தகம் ஒன்றைத் தேடிப் படித்தேன். மாடில்லை, கூடூ என்னும் பெரிய இரலை மான். புள்ளிமானுக்குப் போல விழுந்து முளைக்கிற கொம்பில்லையாம். ஒரே கொம்பு, சாகும்வரை. இவ்வளவு முறுக்கேற ஆறு வயதாக வேண்டும். உடம்பில் வெள்ளைக் கோடுகள். புதருக்குள் அசையாமல் நின்றால் பக்கத்தில் போகிறவனுக்கும் தெரியாது. ஓடும்போது முகத்தை நிமிர்த்தி, கொம்பை முதுகோடு சாய்த்துக்கொள்ளும், முள்ளில் சிக்காமல். அத்தனை பெரிய உடம்பு ஆளுயர வேலியைத் தாண்டிவிடும். இப்படி ஒன்றை யார் யோசித்துச் செய்தது என்று அதே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இரண்டு ஆண் மான்கள் மோதும்போது எப்போதாவது கொம்புகள் பின்னிக்கொள்ளுமாம். பிரிய முடியாமல், மேயவும் முடியாமல், இரண்டும் அங்கேயே செத்துப்போகுமாம். அதற்குமேல் படிக்க முடியவில்லை.

கொம்பைக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன். மடிப்புகளில் நீலம் இன்னும் போகவில்லை. நீங்கள் அதை உயிரோடு பார்த்தீர்களா? எப்படி நின்றது என்று எனக்குத் தெரிய வேண்டும். கடிதத்தில் வேண்டாம். வெயில் ஏறுமுன், மாசியில் வாருங்கள். மாடி அறைக்கு அஞ்சலாட்சி வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறாள். அம்மா விஷயத்தை நான் மன்னிக்கவில்லை. அதையும் நேரில் பேசலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரான்சில் இப்போது குளிர் அதிகம் என்று கேள்விப்பட்டேன்.

கீழே 'அன்புத் தம்பி' என்று எழுத இன்னும் கை வரவில்லை. வேறு விதமாக எழுத மனம் வரவில்லை. கையெழுத்துப் போடாமலே இன்று தபாலில் சேர்க்கிறேன்.