நான் இழுக்காமல் விட்ட தரை

அக்கா, இதை யாரிடமும் காட்டிவிடாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன். செத்துப்போனவள் யாரிடம் காட்டுவாள் என்று நீ சிரிப்பாய். ஆனாலும் பயமாக இருக்கிறது. அப்பா பக்கத்து அறையில்தான் படுத்திருக்கிறார். கட்டில் முனகுகிறது, இன்னும் தூங்கவில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதுகிறேன். யாராவது வந்தால் முக்கோணவியல் போடுகிறேன் என்று சொல்லிவிடலாம்.

இன்று நோட்டைத் தேடிப் பையைக் கவிழ்த்தபோது அடியில் உன் காலுறை ஒன்று இருந்தது. உன் சாமான்களை எல்லாம் அப்பா சாக்கில் கட்டியபோது நான் எடுத்து ஒளித்தது. அதை உதறாமலே தூக்கினேன். செங்கல் தூள் நோட்டு முழுக்கக் கொட்டியது. ஊதிவிட மனம் வரவில்லை. இந்தப் பக்கத்தில் அங்கங்கே சிவப்பாகத் தெரிவது அதுதான்.

நாளைக் காலை ஆறு மணிக்கு டிராக்டர் வருகிறது. நம் தரையை உழப் போகிறார்கள்.

அந்தத் தரையை அப்பா எப்படிப் போட்டார் என்று நீதான் எனக்குச் சொன்னாய். மதுரையில் ஒரு கிளப்புக்குத் திராட்சைப் பெட்டி இறக்கப் போனவர், அங்கே சிவப்புத் தரையில் பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கி டென்னிஸ் பந்தடிப்பதை மத்தியானம் வரை நின்று பார்த்தாராம். திரும்பி வந்ததும், கொடி பட்டுப்போயிருந்த மேட்டுத் துண்டில் பந்தல் கல்லுக்கால்களைப் பிடுங்கிப் போட்டு, காளவாசலில் இருந்து உடைந்த செங்கல்லை லோடு லோடாகக் கொண்டுவந்து இடித்துச் சலித்துப் பரப்பினார். கம்பம் ஊரில் கேட்டவர்கள் எல்லாம் சிரித்தார்கள். திராட்சைக்கு மருந்தடிக்கிற பம்பால் காலையிலும் மாலையிலும் தரைக்குத் தண்ணீர் தெளித்தார். நீல மயில்துத்த மருந்து கலக்குகிற டிரம்மிலேயே சுண்ணாம்பைக் கரைத்துக் கோடு போட்டதால் கோடெல்லாம் இளநீலமாக வந்துவிட்டது. "என்னப்பா, கோட்டுக்கும் மருந்தடிச்சிட்டீகளா?" என்று நீ கேட்டாயாம். அதற்கப்புறம் அவர் டிரம்மை மாற்றவே இல்லை. நம் கோடுகள் கடைசிவரை நீலம்தான்.

அங்கிருந்து நீ எங்கெங்கோ போனாய். செம்மண் தரைப் போட்டி எங்கே நடந்தாலும் போனாய். தகுதிச் சுற்றில் தோற்றாய், முதல் சுற்றில் தோற்றாய், இரண்டு தடவை அரையிறுதி வரை வந்தாய். உலகத் தரவரிசைப் பட்டியலில் உன் பெயரைத் தேட நான் போனில் எவ்வளவு நேரம் தள்ள வேண்டியிருக்கும் என்று உனக்கே தெரியும். துருக்கியில் இருந்து வந்தபோது ஷூவைத் தட்டி எனக்கு அந்த ஊர் மண்ணைக் காட்டினாய். "அங்கன மண்ணு மாவு மாதிரி இருக்கும் குட்டி. ஆனா இங்கன மாதிரி காலைப் புடிச்சு வச்சுக்கிடாது" என்றாய்.

தரை விஷயத்தில் உனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. ஆடி முடித்தவர்கள்தான் தரையை இழுத்துவிட வேண்டும். நாலு சாக்கைச் சேர்த்துத் தைத்து மூங்கிலில் கட்டி, மூலையில் இருந்து சுற்றிச் சுற்றி இழுக்க வேண்டும். கால் தடம், பந்துத் தடம் எல்லாம் அழிந்து, அடுத்து வருகிறவர்களுக்குப் புதுத் தரையாக இருக்க வேண்டும். எங்கே போய் ஆடினாலும், தோற்று அழுதுகொண்டு இருந்தாலும், இழுக்காமல் நீ வெளியே வந்ததில்லை.

மதுரை ஆட்டம் உனக்கு நினைவிருக்கும். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. அப்பா மடியில் உட்கார்ந்து பார்த்தேன். கடைசிப் பந்து. எதிரே ஆடிய பெண் அடித்தது ஓரக்கோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. நடுவர் அவுட் என்று கை காட்டிவிட்டார். நீ ஜெயித்துவிட்டாய். அப்பா என்னைத் தூக்கிக்கொண்டு எழுந்தே விட்டார். நீ மட்டும் கை கொடுக்கப் போகாமல் கோட்டுப் பக்கம் நடந்தாய். குனிந்து பார்த்தாய். மட்டையால் அந்தத் தடத்தைச் சுற்றி வட்டம் போட்டு நடுவரைக் கூப்பிட்டாய். பந்து கோட்டைத் தொட்டிருந்தது. அப்புறம் அந்த ஆட்டத்தில் நீ தோற்றாய்.

ஜீப் ஆண்டிப்பட்டிக் கணவாய் ஏறியபோது அப்பா கியரை மாற்றினார். அப்புறம் கேட்டார்.

"ஏந்தாயி, அவுட்டுன்னு அவரே சொல்லிட்டாருல்ல?"

"அவரு சொன்னாருப்பா. மண்ணு சொல்லலையே."

அப்பா வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தார். அந்தக் கதையைச் சந்தையில் அவர் சொல்லாத ஆள் கிடையாது. "எம்புள்ள தோத்தாலும் தோப்பாளே ஒழிய பொய் சொல்ல மாட்டா" என்றுதான் முடிப்பார்.

அக்கா, இனிமேல் எழுதுவதுதான் நான் யாரிடமும் சொல்லாதது.

நீ கிளம்பிப் போன அன்று விடியற்காலையில் நாம் இருவரும் ஆடினோம். நான் வலைக்குப் பக்கத்தில் மெதுவாகப் போட்ட பந்தை எடுக்க நீ பின்கோட்டில் இருந்து ஓடிவந்து, இடது காலை நீட்டி, நெடுக ஒரு சறுக்குச் சறுக்கினாய். எடுத்தும் விட்டாய். "கெழவி ஆயிட்டேன்னு நெனச்சியா?" என்று சிரித்தாய். அதற்கப்புறம்தான் சொன்னாய், வடக்கே ஒரு போட்டிக்குப் போகிறாய் என்று. ஞாயிற்றுக்கிழமை போடியில் இருந்து உன்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அன்று மாலை என் பள்ளிக்கூட ஆட்டத்தைப் பார்க்க வருவதாகவும் நீ சொல்லியிருந்தாய்.

"இதான் குட்டி கடைசி. இத ஆடிட்டு வந்து அப்பா சொல்றபடி கேக்குறேன். மூஞ்சியப் பாத்துச் சொன்னா என்னால கெளம்ப முடியாது. பஸ்ஸு ஏறுனதும் நீ அப்பாட்ட உள்ளதச் சொல்லிரு. என்ன?"

நான் மட்டையால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றேன்.

"தரைய இழுத்து விட்ரு. எனக்கு நேரமாச்சு."

"நீயே இழுத்துக்க. எப்பப் பாத்தாலும் போறவ நீ, இழுக்குறவ நானா?"

நீ என் தலையில் தட்டிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். நான் இழுக்கவில்லை. மூங்கிலை எட்டி உதைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அப்பா தோட்டத்தில் இருந்து வந்து, "பெரியவ எங்கத்தா?" என்று கேட்டார். கையில் கொடி கத்தரிக்கிற கத்தரி. முகம் கடுகடுவென்று இருந்தது. அது வேறு எதற்கோ, கூலியாட்கள் வராததற்கு. எனக்கு அது தெரியாது. வாய் தானாகச் சொன்னது: "கூடப் படிச்சவுகளுக்குத் திண்டுக்கல்ல கல்யாணமாம். போயிருக்கா. ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துருவேன்னு சொன்னா."

ராத்திரி அம்மா போனில் நீ கூப்பிட்டாய். நான்தான் எடுத்தேன். பின்னால் ரயில் சத்தம்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாக?"

"ஒண்ணும் சொல்லல."

"போனக் குடு."

"தூங்கிட்டாக."

தூங்கவில்லை அக்கா. முற்றத்தில் உட்கார்ந்து பெட்டிக்குக் கயிறு வெட்டிக்கொண்டிருந்தார். பின்னால் ரயில் சத்தம் பெரிதானது. அப்புறம், "ஒண்ணுமே சொல்லலையா? ரெண்டு வசவு வஞ்சிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்" என்றாய். போனை வைத்துவிட்டாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது.

ஸ்டேஷனில் இருந்து மைதானத்துக்குப் போகிற வழியில் உன் ஆட்டோ மேல் லாரி மோதிவிட்டது என்று மறுநாள் மத்தியானம் போன் வந்தது. அப்பா போய் உன்னைக் கொண்டுவந்தார். ஊரே அழுதது. அவர் அழவில்லை. எல்லோரும் போன பிறகு அம்மாவிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "கடைசியில எங்கிட்டயே பொய் சொல்லிட்டுப் போயிட்டாளே." பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்கிட்டயும் கல்யாணம்னுதான் சொன்னாளாத்தா?" என்று கேட்டார்.

நான் தலையை ஆட்டினேன்.

பந்து அவுட் இல்லை என்று வட்டம் போட்டவள் நீ. உன்னைப் பொய்க்காரி ஆக்கிவிட்டு, நாற்பது நாளாக நான் சோறு தின்கிறேன், பள்ளிக்கூடம் போகிறேன். அந்த மதுரைக் கதையை அப்பா இப்போது யாரிடமும் சொல்வதில்லை. உன் பெயரையும் சொல்வதில்லை. உன் கோப்பைகள் சாக்கில் கட்டி மருந்துப் பம்புக்குப் பக்கத்தில் கிடக்கின்றன. அம்மா அழுதால், "அது என்னைய மதிக்காமப் போச்சு, விடு" என்று எழுந்து போய்விடுகிறார்.

உன்னைக் கொண்டுவருவதற்கு முன்னால் நான் தரைக்கு ஓடினேன். இழுக்காததால் எல்லாம் அப்படியே இருந்தது. காற்று பாதியை அழித்துவிட்டிருந்தது. அந்த இடது கால் சறுக்கு மட்டும் நெடுக, ஆழமாக, முடிகிற இடத்தில் மண்ணைக் குவித்துக்கொண்டு கிடந்தது. திராட்சைப் பெட்டி இரண்டைக் கவிழ்த்து மூடினேன். மேலே தார்ப்பாய், அதன் மேல் கல். நான் செய்யாமல் விட்ட வேலையால்தான் அது மிஞ்சியிருக்கிறது. இதை நல்லது என்று நினைப்பதா, அழுவதா, எனக்குத் தெரியவில்லை.

இன்று சாயங்காலம் அப்பா டிராக்டர்காரரைக் கூட்டிவந்து தரையைக் காட்டினார். நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். "இங்கன பெட்டி எதுக்குண்ணே கெடக்கு? எடுத்துப் போட்ரவா?" என்று அவர் கேட்டார். அப்பா தானே குனிந்து கல்லை எடுத்தார், தார்ப்பாயை விலக்கினார், பெட்டியைத் தூக்கினார். தூக்கியபடியே நின்றார். நெடுநேரம் நின்றார். உன் சறுக்கு அவருக்குத் தெரியாதா? இடது காலை அப்படி நீட்டுகிறவள் இந்தப் பள்ளத்தாக்கில் வேறு யார்? பிறகு பெட்டியை இருந்த இடத்திலேயே, அதே மாதிரி கவிழ்த்தார். தார்ப்பாயை மூடிக் கல்லையும் வைத்தார்.

"காலையில வந்துரு தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அவர் நாளைக்கு உழப்போவது தரையை இல்லை அக்கா. தன்னை ஏமாற்றியவளை. அப்படி ஒருத்தி இல்லவே இல்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சொன்னால் அடிப்பாரா என்று பயமில்லை. அடித்தால் தேவலை. அப்பா என்னை எப்படிப் பார்ப்பார் என்பதுதான் பயம். நீ ரயிலில் உட்கார்ந்து, அவருக்குத் தெரியும், தெரிந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை என்று நினைத்துக்கொண்டே போனாயே, அதை அவரிடம் எப்படிச் சொல்வேன்? வாயைத் திறக்கும்போதெல்லாம் அந்த ரயில் சத்தம்தான் கேட்கிறது.

ஆறு மணிக்கு முன்னால் சொல்ல வேண்டும். முதல் வாக்கியத்தை எழுதிப் பார்க்கிறேன். அப்பா, அக்கா பொய் சொல்லவில்லை. அப்பா, பொய் சொன்னது

கட்டில் சத்தம் நின்றுவிட்டது. நடந்து வருகிறார்.

கதவைத் தட்டுகிறார். "சின்னவளே, லைட்டு எரியுது. தூங்கலையாத்தா?" குரல் ஒரு மாதிரி இருக்கிறது. அழுத குரல்.

அக்கா, மேலே யாரிடமும் காட்டாதே என்று உன்னிடம் கெஞ்சியதை அடித்துவிடு. நோட்டை மூடவில்லை. கதவை