ஆறில் ஒன்று கோணல்

அக்டோபர் 8, புதன்

போடியில் காலையிலிருந்து தூறல். பள்ளிக்கூடம் விட்டு நேராகத் தேனி ரைபிள் கிளப். என் .22 ரிவால்வர், 25 மீட்டர், முப்பது ரவுண்டு. அதில் ஐந்து துளை வட்டமாக இல்லை. தோட்டா படுத்தவாக்கில் போய்த் தாளைக் கிழித்திருக்கிறது. மாவட்ட அணித் தேர்வுக்குப் பதினோரு நாள்.

அப்பாவுக்கு நாற்பத்தாறில் கை நடுக்கம் ஆரம்பித்தது. எனக்கு நாற்பத்தைந்து. கை நடுங்கினால் தோட்டா இடம் மாறும், படுக்காது. தெரியும். தெரிந்து என்ன, பயம் கேட்கிறதா. வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை.

பார்க்க:
- வேறு பெட்டித் தோட்டா
- பேரலில் ஈயம் ஒட்டியிருக்கிறதா
- தோசை மாவு

9, வியாழன்

எட்டாம் வகுப்பில் கரும்பலகையில் வட்டம். கை சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான். முன் பெஞ்சுப் பிள்ளை: "டீச்சர், ஒரே வட்டத்த எதுக்கு மூணு தடவ போடுறீக?"

மாலை கிளப். புதுப் பெட்டி. பேரலை பிரஷ் போட்டாயிற்று, ஈயம் கொஞ்சம்தான். பன்னிரண்டில் இரண்டு படுக்கை. மாவு வாங்க மறந்தேன். ராத்திரி அவருக்கும் உப்புமாதான்.

10, வெள்ளி

சிலிண்டரின் ஆறு அறைக்கும் மார்க்கரால் நம்பர் போட்டேன். ஒவ்வொரு ரவுண்டுக்கும் குறிப்பு. மூன்று சுற்றிலும் நான்காம் அறை மட்டும் கோணல். அப்பாடா. கை நடுக்கத்துக்கு நம்பர் தெரியாது.

11, சனி

கிளப்பில் துப்பாக்கி பழுது பார்க்கும் செல்வராஜ் அண்ணன் சிலிண்டரைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தார். நான்காம் அறை வந்து பூட்டிக்கொள்ளும் பள்ளத்தில் ஏதோ இறுகிக் கிடக்கிறதாம். அறை பேரலுக்கு நேராக நிற்காமல் தோட்டா உரசிப் போகிறது. ஊசியால் சுரண்டி மோந்து பார்த்தார்.

"என்னத்த டீச்சர் தடவுனீக? சந்தனம்ல மணக்குது."

ஆயுத பூஜை. அரிவாள்மணை, மோட்டார், ஸ்கூட்டி, ரிவால்வர், எல்லாவற்றுக்கும் நான்தான் பொட்டு வைத்தேன். மறுநாள் மேலாகத் துடைத்தேன். இனி இதைச் சொல்லிச் சொல்லியே கிளப்பில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அழாத குறையாக இருந்தேன், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சுத்தம் செய்து மணல் மூட்டைமேல் வைத்து அண்ணனே ஆறு சுட்டார். ஆறும் வட்டம். ஆறையும் ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம்.

"துப்பாக்கியில ஒரு கொறையுமில்ல. நாளைக்கு நீங்க சுடுங்க."

வீட்டில் அவரிடம் சந்தனக் கதையை மட்டும் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

12, ஞாயிறு

வெயில். காற்று இல்லை. அதே துப்பாக்கி, அதே தோட்டா. முப்பது ரவுண்டு.

விழுந்த துளையெல்லாம் வட்டம். தாள் முழுக்கச் சிதறி. இரண்டு தோட்டா தாளிலேயே படவில்லை. புதன்கிழமைத் தாளை எடுத்துப் பார்த்தேன், அதிலும் இதே சிதறல்தான். இத்தனை நாள் அந்தக் கோணல் துளைகளைத்தான் பார்த்திருக்கிறேன்.

செல்வராஜ் அண்ணன் தாளைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், மழை எப்போது வரும் என்று பேசினார்.

வீட்டு வாசலிலேயே அவர் கேட்டார். "என்ன, சரியாயிருச்சா?"

துப்பாக்கி சரியாகிவிட்டது என்றேன்.