மருத்துவச்சி சேந்தியைச் சிறைநீக்கும் ஓலை

வெண்ணாவல் நாட்டு மலைகளிலும் மடைகளிலும் நீர் குறையாதிருப்பதாக. மன்னர் வடவெல்லைப் போர்முனையில் இருக்க, அவர்பொருட்டு ஆட்சி காத்துவரும் அரசி திருவுடைநங்கை, கருங்கோட்டு மலைமாளிகையிலிருந்து, நாவற்கோட்டையில் தலைமை அமைச்சராய் வீற்றிருக்கும் நம்பனார்க்கு விடுக்கும் ஓலை. நும் இல்லத்தார் நலமுடன் வாழ்க. நும் காவலில் உள்ள நகரை விட்டு அம்மைநோய் விரைவில் அகல்க.

நும் ஓலை கண்டோம். அரசகுலப் பிள்ளைக்கு ஆட்டுப்பால் புகட்டி உயிர்க்கு ஊறு தேடினாள் என்று மருத்துவச்சி சேந்தியைச் சிறையிட்டதாகவும், அவளை நாடு கடத்த எம் ஒப்புதல் வேண்டுமென்றும் எழுதியிருந்தீர். ஒப்புதல் இல்லை. ஏன் இல்லை என்பதை நடந்தது நடந்தவாறே உரைக்கின்றோம்.

நகரில் அம்மை பரவியதால் நிறைசூலியாய் யாம் இம்மலைக்கு வந்ததும், பின்னர் நோய் ஏறிவராதிருக்க நகரிலிருந்து வரும் மலைப்பாதை அடைக்கப்பட்டதும் நீர் அறிந்தவை. பெண்மகவு பிறந்த மூன்றாம் நாள் எமக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. பால் சுரந்தது, ஆனால் போதவில்லை. பிள்ளை மார்பைப் பற்றும், சிறிது குடிக்கும், விட்டு அழும், அழுத களைப்பில் உறங்கிவிடும். பத்தாம் நாள் விடிந்ததுமுதல் பொழுது சாயும்வரை ஒரே ஒரு துணிதான் நனைந்தது. மாலையில் அவள் அழுவதையும் நிறுத்தினாள். நம்பனாரே, போர்ச்செய்தி எதற்கும் நடுங்காத யாம் அந்த அமைதிக்கு நடுங்கினோம்.

நகரிலிருந்து பாலூட்டும் செவிலித்தாயை வரவழைக்க வழியில்லை. உடனிருந்தோரில் சிலர், தாய்ப்பாலன்றி வேறு பால் அரசகுலத்து நாவில் படலாகாது என்றனர். வேறு சிலர், அரசிக்குப் பால் வற்றிவிட்டது, இனி மார்பை மறக்கடித்து ஆட்டுப்பாலே கொடுத்துவிடலாம் என்றனர். பேறு பார்க்க வந்த சேந்தி இருதரப்பையும் கேட்டுவிட்டு, எம் அருகில் அமர்ந்து சொன்னது இது:

“தாயே, எந்தப் பாலுன்னு வழக்காட இப்ப நேரமில்லை. முதல்ல உங்க மார்பு, ரெண்டு பக்கமும். அதுக்கப்புறம் சங்கு. பிள்ளை சப்பச் சப்பத்தான் உங்களுக்குப் பால் ஊறும். அதுவரைக்கும் பசியை ஆட்டுப்பால் பாத்துக்கும்.”

அவ்வாறே செய்தோம். ஒவ்வொரு வேளையும் பிள்ளை எம்மிடம் குடித்த பின்னரே, சேந்தி தன் கண்முன் கறந்து காய்ச்சி, கொதித்த நீர் அளந்து கலந்து ஆற்றிய பாலைச் சங்கால் புகட்டினாள். சங்கை வெந்நீரில் இட்டு எடுக்காமல் ஒருமுறையும் தொட்டாளில்லை. எஞ்சியதைத் துளியும் வைக்கவிடாமல் கொட்டினாள். எம் மார்பை விட்டுப் பிள்ளை சங்கை நோக்கித் திரும்பிய முதல் நாள் யாம் அழுதோம் என்பதையும் மறைப்பானேன்? தாய் என்னும் பெயரில் பாதியை ஆட்டிடம் இழந்துவிட்டதாக எண்ணினோம். சேந்தி பிள்ளையை வாங்கி மீண்டும் எம் மார்பில் சேர்த்துவிட்டுச் சங்கைக் கழுவப் போனாள். சங்கு தொடங்கிய ஐந்தாம் நாள் ஆறு துணிகள் நனைந்தன. பன்னிரண்டாம் நாள் கன்னத்தில் சதை கண்டது. எமக்கும் பால் பெருகியது.

இனி, நீர் குற்றம் எனக் கொண்ட நிகழ்ச்சிக்கு வருவோம். பிள்ளைக்கு வயிற்றோட்டம் கண்ட நாளில் சேந்தி மலையடிவாரத்தில் வேறொரு பேற்றுக்குப் போயிருந்தாள். காலையில் காய்ச்சிய பால் பாதி மீதமிருந்தது. அதைக் கொட்டச் சொல்லிவிட்டே அவள் போனாள். கொட்ட வேண்டாம் என்று பணிப்பெண்ணைத் தடுத்தவள் அரசி. உச்சிவெயிலுக்குப் பின் அதையே எடுத்துப் புகட்டியவளும் அரசி. கலக்கத்தில் உமக்கு ஓலை விடுத்தபோது, ஆட்டுப்பால் குடித்தபின் வயிற்றோட்டம் என்று எழுதினோமேயன்றி எம் கையால் விளைந்தது என்று எழுதினோமில்லை. நீர் நஞ்சென்று ஐயுற்று, பாதையின் அடைப்பை நீக்கிக் குதிரைவீரரை ஏவினீர். யாம் பிள்ளையருகே கண்ணயர்ந்த பொழுதில், மாளிகைக்கு மீண்டிருந்த அவளைக் கொண்டுபோயினர். நும் விரைவு அன்பினால் நேர்ந்தது. எம் மௌனம் வெட்கத்தால் நேர்ந்தது. இரண்டுக்கும் இடையில் அவள் சிறையிருக்கின்றாள்.

கைகள் பிணிக்கப்பட்ட நிலையிலும் அவள் பணிப்பெண்ணிடம் எமக்குச் சொல்லிப் போனது: “பயந்து போயி மார்பை நிறுத்திடாதீங்கன்னு சொல்லு. சங்கையும் ஒரேயடியா நிறுத்த வேண்டாம். வேளைக்கு வேளை புதுசாக் காய்ச்சுங்க.” தன்னை விடுவிக்கச் சொல்லி ஒரு சொல்லும் இல்லை.

அவள் சொன்னபடி யாமே அடுப்பருகே நின்று காய்ச்சினோம். இரண்டு நாளில் வயிறு சீரானது. நாளுக்கு ஏழாயிருந்த சங்குவேளை இப்போது மூன்று. இனி அது இரண்டாகலாம், மூன்றாகவே நிற்கவும் கூடும். எதுவாயினும் எமக்குக் குறையில்லை. ஆட்டுப்பால் குடித்தவள் ஆளத் தகுவாளோ என்று அவையில் சிலர் வினவுவதாக எழுதினீர். பசியால் இறந்தவள் ஆளமாட்டாள் என்று அவர்க்கு எம் விடையாகச் சொல்க.

ஆதலின் ஆணையிடுகின்றோம். இவ்வோலை கண்ட அந்நாளே, பிறரை அனுப்பாது நீரே சிறைவாயில் சென்று சேந்தியை விடுவிக்க. தவறு அரசியுடையது என்று காவலர் அனைவரும் கேட்க உரைக்க. பின்னர் இவ்வோலையை நிறைந்த அவையில் ஒரு வரியும் விடாது படிப்பிக்க. மன்னர்க்கும் படியெடுத்து அனுப்புக. சேந்தி இங்கு மீள விரும்பின் எம் பல்லக்கில் வரட்டும். தன் ஊர் செல்ல விரும்பின் அதே பல்லக்கில் அங்குச் செல்லட்டும். அவள் விருப்பமே எம் விருப்பம்.

யாம் சொல்ல ஓலைநாயகம் எழுதியது இது. இடையில் இருமுறை நிறுத்தினோம். அது சொல்லில் ஐயம் உற்றதால் அன்று, பிள்ளையை ஒரு மார்பிலிருந்து மறுமார்புக்கு மாற்றுவதற்காகவும், பின்னர்ச் சங்கு எடுப்பதற்காகவும். குடித்து முடித்து உறங்குகின்றாள். முத்திரை இட்டோம்.

திருவுடைநங்கை, வெண்ணாவல் நாட்டு அரசி.