மேகம் தின்ற ஆடும் உன் பரீட்சையும்

இன்று காலை மறுபடியும் பசையைக் கருக்கிவிட்டேன். என் நேர்சரிப் பிள்ளைகள் கடதாசி ஒட்டுவதற்காகக் கோதுமை மாவைக் கரைத்து அடுப்பில் வைத்துவிட்டு, பக்கத்து வீட்டுக் கல்யாணப் பேச்சு எங்கே குழம்பியது என்று மீன்காரரிடம் விசாரித்துக்கொண்டு நின்றேன். விசாரணை முடிவதற்குள் சட்டி அடிப்பிடித்துவிட்டது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நீ நினைவில் வந்துவிட்டாய்.

நம்முடைய தொலைக்கல்விப் பயிற்சியில் முதல் செய்முறையே பசை காய்ச்சுவதுதானே. கண்டியிலிருந்து மேடம் போனில் சொல்லச் சொல்ல, திகனவில் நானும், மலைமேல் தேயிலைத் தோட்டத்தில் நீயும், இன்னும் எங்கெங்கோ இருந்த நேர்சரி டீச்சர்மாரும் ஒன்றாகக் கிண்டினோம். எல்லோரும் அடக்கமாக இருக்கையில் உன் குரல் மட்டும் வந்தது.

"திகன டீச்சர், ஒங்க சட்டி கருகுற வாசம் இங்க வரைக்கும் வருதுங்க."

சட்டியை மறந்து, போனை மூடாமல் என் வீட்டுக்காரரை நான் ஏசிய ஏச்சு எல்லோர் காதிலும் விழுந்திருந்தது. அன்றே முடிவு செய்தேன், இவளோடுதான் கூட்டு என்று.

ஜோடி ஜோடியாகப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். ஒருவர் டீச்சர், மற்றவர் பிள்ளை. உனக்குக் கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையடியில் மட்டும்தான் சிக்னல். அங்கே நின்று, முதல் நாள் நேர்சரிக்கு வந்த பிள்ளை மாதிரி நீ அழுத அழுகையில், கொழுந்துக்காரப் பெண்கள் கூடையோடு ஓடி வந்துவிட்டார்கள்.

"யாரு செத்தது?" என்று ஒருத்தி கேட்டாள்.

"யாரும் சாகல. படிக்கிறேன், போங்கக்கா" என்றாய். நான் ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் சிரித்துப் புரண்டேன்.

சிரிப்புக்கு நடுவே உனக்கு ஒரு பயம் இருந்தது. வருடக்கணக்காக நடத்திய நேர்சரி. சான்றிதழ் இல்லையென்றால் அடுத்த தவணைக்கு வேறு ஆளைப் போடுவோம் என்று தோட்டத்தில் சொல்லியிருந்தார்கள். "வேல போயிருச்சுன்னா மறுபடி கொழுந்து பறிக்கத்தான் புள்ள. கை மறந்திருக்காது. நேர்சரிப் புள்ளைங்க மொகத்தத்தான் தாண்டிப் போக முடியாது" என்றாய்.

கடைசிப் பரீட்சை வீடியோவில். நீ பிள்ளைகளை மடுவத்துக்கே கூட்டி வந்து உட்கார வைத்திருந்தாய். ஜோடி என்பதால் நானும் அழைப்பில் இருந்தேன். மேகத்தைப் பஞ்சுமிட்டாய் என்று தின்றுவிட்ட ஆட்டுக்குட்டியின் கதையை ஆரம்பித்தாய். வாயைப் பிளந்தபடி உன் படம் உறைந்தது, பிறகு அதுவும் இருண்டது.

"படம் தெரியேல்ல. படம் இல்லாமல் புள்ளி போடேலாது. மேல ஏறிச் சிக்னல் பிடிக்கச் சொல்லுங்கோ" என்றார் பரீட்சை எடுத்த யாழ்ப்பாணத்து மேடம்.

மேலே ஏறு என்று நான் கத்தினேன். நீ போனைப் புல்லில் வைத்துவிட்டாய் போலிருக்கிறது, உன் கதை மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. வயிறு ஊதிய ஆடு தேயிலைக்கு மேலே மிதக்கிறது, பிள்ளைகள் ஊதுகிறார்கள், ஆடு பெக்டரிக் கூரையைத் தாண்டுகிறது. உன் வேலை போகிறதே என்று நான் மறுபடியும் கத்த, மேடம் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆடு இன்னும் கீழே இறங்கவில்லை. உன் லைன் அறுந்தது.

அழைப்பில் நானும் மேடமும் மட்டும்தான் மிச்சம்.

"பிறகு அந்த ஆட்டுக்கு என்ன நடந்தது?" என்றார் மேடம்.

"எனக்கும் தெரியாது மேடம்."

அன்று பின்னேரம் அவரே உன்னைப் போனில் கூப்பிட்டு, அந்த ஆட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறார். படம் இல்லாமலேயே நீ பரீட்சையில் சித்தியடைந்தாய். மேலே ஏறாமல் எதற்காகப் போனைப் புல்லில் விட்டாய் என்று நான் ஏசியபோது, "ஆடு மேல தொங்குது, நான் எப்படிப் புள்ள எந்திரிச்சுப் போறது?" என்றாய். முடிவைச் சொல் என்றேன். "மேல வா, சொல்றேன்."

வருகிறேன், வருகிறேன் என்றேன்; நோன்பும் பெருநாளும் விருந்தாளியும் போக்குக் காட்டின. நெஞ்சுவலி என்று உன்னை முச்சக்கரவண்டியில் கீழே கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது என்ற செய்திதான் என்னை மேலே ஏற்றியது. உன் வீட்டு வாசலில் நேர்சரிப் பிள்ளைகள் நின்றார்கள். துக்க வீட்டில் கேட்கக்கூடாத கேள்வியை நான் கேட்டேன், அந்த ஆடு எப்படி இறங்கியது என்று.

"ஏப்பம் விட்டுச்சு, எறங்கிருச்சு."

"பொய். மழயா பேஞ்சுச்சு. டீச்சர் எனக்குத்தான் சரியாச் சொன்னாங்க."

"இவனுக்குத் தெரியாது. ஆட்டுக்குட்டியோட அம்மா கயிறு போட்டு இழுத்துச்சு."

அடி கள்ளி. முடிவென்று உன்னிடம் ஒன்றும் இல்லை. அதுகளையே ஆட்டை இறக்க விட்டிருக்கிறாய். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

இப்போது என் பிள்ளைகளுக்கும் அந்தக் கதையைச் சொல்கிறேன். கூரைக்கு மேலே ஆட்டை ஏற்றியதும் நிறுத்திவிடுகிறேன். என் வாய் சும்மா இருக்காது என்று திகனவுக்கே தெரியும். அந்த ஓரிடத்தில் மட்டும் மூடிக்கொண்டு, எந்தப் பிள்ளை முதலில் வாய் திறக்கும் என்று பார்த்திருக்கிறேன்.